தமிழ்நாடு அரசு சின்னத்தின் தோற்றம்

தமிழ்நாடு அரசு சின்னம் என்பது தமிழ்நாடு அரசின் கடிதங்கள், ஆணைகள், சான்றிதழ்கள், பாடநூல்கள் ஆகியவற்றில் இடம்பெறும் வட்ட வடிவ முத்திரை ஆகும். நடுவில் ஒரு கோயில் கோபுரமும், அதன் முன்னே சாரநாத் தூணின் சிங்கத் தலைப்பகுதியும், இரு பக்கமும் தேசியக் கொடிகளும் அமைந்திருக்கும். வட்டத்தின் மேற்பகுதியில் "தமிழ்நாடு அரசு" என்றும், கீழ்ப்பகுதியில் "வாய்மையே வெல்லும்" என்றும் எழுதப்பட்டிருக்கும். 1948-49ஆம் ஆண்டுகளில், அன்றைய சென்னை மாகாண அரசுக்காக இது உருவாக்கப்பட்டது. வரைந்தவர் மதுரையைச் சேர்ந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ்.

இதிலுள்ள கோபுரம் எந்த ஊர்க் கோபுரம் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. பொது அறிவு நூல்கள் பலவும் ஸ்ரீவில்லிபுத்தூர் என்கின்றன. வரைந்தவர் தரப்புச் செய்தியோ மதுரை என்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு இது ஒரு மதிப்பெண் விஷயம். ஆனால் ஒரு சின்னம் எப்படிப் பிறக்கிறது, பிறந்த பிறகு அதைச் சுற்றிக் கதைகள் எப்படி வளர்கின்றன என்று அறிய விரும்புவோருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஊருக்கென்று ஒரு சின்னம்

காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்திலுள்ள பிள்ளைப்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். பெரிய ஏரியும் வயலுமாக இருந்த ஊர். இன்று சிப்காட் தொழில் பூங்காவால் அறியப்படுகிறது. இந்த ஊரில் வசிக்கும் ஒருவர் சாதிச் சான்றிதழ் வாங்கினாலும், பட்டா எடுத்தாலும், பிள்ளைக்குப் பாடநூல் வாங்கினாலும் அதில் காண்பது மாநில அரசின் கோபுர முத்திரையே. பிள்ளைப்பாக்கத்துக்கு என்று தனியாக ஒரு சின்னம் கிடையாது. தமிழ்நாட்டில் சிற்றூர்களுக்குச் சின்னம் வழங்கும் மரபோ சட்டமோ இல்லை. ஊராட்சியின் பெயர் பொறித்த ரப்பர் முத்திரை ஒன்றுதான் ஊரின் அடையாளம்.

ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே சில நூறு பேர் மட்டும் வாழும் சிற்றூருக்கும் கேடய வடிவில் ஒரு வண்ணச் சின்னம் இருக்கும். ஊர் எல்லைப் பலகை, தீயணைப்புப் படையின் வண்டி, திருவிழாக் கொடி என எல்லாவற்றிலும் அதைக் காணலாம். இவை யாவும் பழங்காலத்தவை என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மையில் கேடயச் சின்னம் 12ஆம் நூற்றாண்டில் போர்வீரர்களிடம் தோன்றியது. முகத்தை மறைக்கும் தலைக்கவசம் அணிந்தவர் நண்பரா பகைவரா என்று தூரத்திலிருந்தே அறிய அது உதவியது. பிறகு பிரபுக் குடும்பங்கள், நகரங்கள் என்று பரவியது. சிற்றூர்களில் பெரும்பாலானவை தம் சின்னத்தை 20ஆம் நூற்றாண்டில்தான் பெற்றன. வரலாற்று ஆவணக் காப்பகத்தாரிடம் கருத்துக் கேட்டு, அரசின் ஒப்புதல் பெற்று, ஊர் மன்றம் ஏற்றுக்கொள்வது வழக்கம்.

அந்தச் சின்னங்களுக்கான கரு எங்கிருந்து வந்தது? ஒரு வழி, முற்காலத்தில் ஊரை ஆண்டவரின் சின்னத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வது. மைன்ஸ் நகரப் பேராயரின் ஆட்சியில் இருந்த ஊர்கள் பலவற்றின் கேடயத்தில் அவருடைய சக்கரம் இன்றும் இருப்பது இதனால்தான். ஊர்த் தேவாலயத்தின் புனிதரைக் குறிக்கும் பொருளை வரைவது இன்னொரு வழி. ஏர்க்கொழு, கதிர், திராட்சைக் கொத்து என்று ஊரின் பிழைப்பைக் காட்டுவதும் உண்டு. எல்லாவற்றிலும் சுவையானது, ஊர்ப் பெயரையே படமாக்குவது. ஜெர்மானியர் இதனைப் "பேசும் சின்னம்" என்கின்றனர். மியூனிக் என்ற பெயர் துறவியைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. அந்நகரின் சின்னத்தில் துறவி நிற்கிறார். ஸ்டுட்கார்ட் என்றால் குதிரைத் தோட்டம். சின்னத்தில் குதிரை பாய்கிறது. பெர்லின் என்ற பெயருக்குக் கரடியோடு மொழியியல் உறவு இல்லை; ஓசை ஒற்றுமை மட்டுமே. ஆனாலும் சின்னத்தில் கரடிதான்.

எல்லைக் கற்களும் ஒரு மூலமாக அமைந்தன. தெற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில் ஒவ்வோர் ஊரும் தன் எல்லைக் கல்லில் ஒரு கோட்டுக்குறியைச் செதுக்கி வைத்தது. பிற்காலத்தில் அக்குறிகள் பல கேடயத்தில் ஏறின. தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிதாகத் தோன்றாது. சிவன் கோயில் நிலத்தின் எல்லையில் சூலம் பொறித்த சூலக்கல்லும், திருமால் கோயில் நிலத்தின் எல்லையில் சக்கரம் பொறித்த திருவாழிக்கல்லும் நடும் வழக்கம் நம்மிடம் இருந்தது. பல ஊர்களில் அவை இன்றும் வரப்போரம் கிடக்கின்றன. ஆனால் அக்கற்கள் காட்டியது நிலம் எந்தக் கோயிலுக்கு உரியது என்பதை. ஊரின் அடையாளமாக அவை வளரவில்லை.

செப்பேடுகளில் அரச முத்திரை

நம்மிடம் சின்னம் என்பது அரசருடையதாகவே இருந்தது. சேரருக்கு வில், சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஸ்ரீபெரும்புதூரும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய தொண்டை மண்டலத்தை நெடுங்காலம் ஆண்ட பல்லவரின் சின்னம் காளை. அவர்களது செப்பேடுகளை இணைக்கும் வளையத்தின் முத்திரையில் காளை உருவம் காணப்படுகிறது.

அரசர் ஓர் ஊரைக் கோயிலுக்கோ அந்தணர்க்கோ கொடையாக அளிக்கும்போது, அதன் எல்லைகளை விரிவாக எழுதிச் செப்புத் தகடுகளில் பொறிப்பர். தகடுகளை ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் இரு முனையும் சேரும் இடத்தில் அரச முத்திரையைப் பதிப்பர். முத்திரையை உடைக்காமல் நடுவில் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ முடியாது. இன்றைய பத்திரப் பதிவில் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்துவதன் நோக்கமும் இதுவே. கொடையூரின் எல்லையை உறுதி செய்யப் பெண் யானை ஒன்றை எல்லை நெடுகச் சுற்றி நடக்கச் செய்வர் என்பதைச் சோழர் செப்பேடுகள் தெரிவிக்கின்றன.

திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் கிடைத்த செப்பேட்டுத் தொகுதி 31 ஏடுகள் கொண்டது. முதலாம் இராசேந்திர சோழன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்ததை அது கூறுகிறது. நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியைக் கூறுவது 21 ஏடுகள் கொண்ட லெய்டன் பெரிய செப்பேடு. அது ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் அப்பெயர் பெற்றது.

இராசேந்திரன் காலச் சோழ முத்திரையில் ஒரு நுட்பம் உண்டு. நடுவில் புலி அமர்ந்திருக்கும், அதனருகே இரண்டு மீன்கள், வில்லும் இருக்கும், மேலே குடையும் சாமரங்களும் காணப்படும். பாண்டியரையும் சேரரையும் வென்று அடக்கியதை, அவர்தம் சின்னங்களைத் தன் முத்திரையில் சேர்த்துக் காட்டினர் சோழர். ஐரோப்பிய அரச குடும்பங்களும் திருமணத்தாலோ போராலோ சேர்ந்த நாடுகளின் சின்னங்களைத் தம் கேடயத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சேர்த்துக்கொண்டன. இருவருக்கும் தொடர்பு ஏதும் இல்லை. அதிகாரத்தைப் படத்தால் சொல்ல வேண்டிய தேவை இரு இடத்திலும் ஒன்றாக இருந்தது.

இவ்வளவு நீண்ட முத்திரை மரபு இருந்தும், 1949இல் உருவான சின்னத்தில் புலியும் இல்லை, மீனும் இல்லை, வில்லும் இல்லை. இதற்குக் காரணம் என்ன என்று எண்ணிப் பார்ப்பது தகும்.

1948-49: சென்னை மாகாணத்தின் தேவை

விடுதலைக்குப் பின் பிரித்தானிய முடியாட்சியின் சின்னங்களை அரசுத் தாள்களிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. 1947 டிசம்பர் இறுதியில் சாரநாத் சிங்கத் தலைப்பகுதியை நாட்டின் சின்னமாகக் கொள்ள இந்திய அரசு முடிவு செய்தது. 1950 ஜனவரி 26 அன்று அது முறைப்படி குடியரசின் சின்னமாயிற்று. அசோகர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் நிறுவிய அத்தூணின் தலைப்பகுதி, 1904-05இல் சாரநாத்தில் நடந்த அகழாய்வில் வெளிப்பட்டது. அகழாய்வை நடத்திய பொறியாளர் ஓர்ட்டல், ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தவர். ஆக, நம் அரசுத் தாள் ஒவ்வொன்றிலும் ஒரு ஜெர்மானியர் மண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்த உருவம் இருக்கிறது.

மாகாணங்களும் தமக்கென்று சின்னம் அமைத்துக்கொள்ள முற்பட்டன. சென்னை மாகாணத்தின் பிரதமராக அப்போது இருந்தவர் ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார். அன்று மாகாண முதலமைச்சரைப் பிரதமர் என்றே அழைத்தனர். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை அவர் பதவி வகித்தார். அவரது அரசு 1948இல் ஓவியர் கிருஷ்ணா ராவிடம் சின்னம் வரையும் பணியை ஒப்படைத்தது. 1949இல் வடிவம் நிறைவு பெற்றது. ஓமந்தூராருக்குப் பின் பிரதமரான பி.எஸ். குமாரசாமி ராஜாவின் ஆட்சியும் அதே ஆண்டில்தான் தொடங்குகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

மாணவர்கள் இங்கே பொதுவாகத் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு அன்று. கடற்கரை ஆந்திரமும் இராயலசீமையும் அதில் இருந்தன. மலபார் இருந்தது. தென் கன்னட மாவட்டம் இருந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசுவோர் அனைவருக்கும் பொதுவான ஒரு சின்னம் தேவைப்பட்டது. புலியை வைத்தால் அது சோழ நாட்டின் சின்னம். மீனை வைத்தால் பாண்டிய நாட்டுக்கு உரியது. மூன்றையும் சேர்த்து வைத்தாலும் தெலுங்கு மாவட்டங்களுக்கு அதில் இடமில்லை. மேலும், மன்னராட்சி முடிந்து மக்களாட்சி தொடங்கும் நேரத்தில் மன்னர் முத்திரையை மீண்டும் எடுப்பது பொருந்தாது. கோபுரமோ தென்னகம் முழுவதற்கும் அறிமுகமான காட்சி. காளத்தியிலும் உண்டு, காஞ்சியிலும் உண்டு. மலபாரின் கோயில்கள் கூரை வேய்ந்தவை என்பதால் அவர்களுக்கு அது சற்று அயலானதுதான். எனினும் கிடைத்த தேர்வுகளில் இதுவே எல்லார்க்கும் ஓரளவு பொருந்தியது எனலாம்.

பிற மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். கர்நாடகத்தின் சின்னத்திலுள்ள இருதலைப் பறவையான கண்டபேருண்டம் மைசூர் அரச குடும்பத்திலிருந்து வந்தது. கேரளச் சின்னத்தின் சங்கும் யானைகளும் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் வழி வந்தவை. அங்கெல்லாம் மன்னராட்சி 1947 வரை நீடித்ததால் கைவசம் ஒரு சின்னம் இருந்தது. சென்னை மாகாணம் நேரடி ஆங்கில ஆட்சியில் இருந்த பகுதி. எடுத்துக்கொள்ள அரசர் சின்னம் ஏதும் அண்மையில் இல்லை. எனவே புதிதாக ஒன்றை வரைய வேண்டியதாயிற்று. இந்தச் சின்னம் பழமையானது என்று எண்ணுவோர் இதைக் கருத வேண்டும்: கோபுரம் பழமையானது; அதை அரசுக்கு அடையாளமாக்கிய எண்ணத்துக்கு இன்னும் நூறாண்டு ஆகவில்லை.

எந்தக் கோபுரம்?

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் கோபுரம் 11 நிலைகள் கொண்டது. ஏறக்குறைய 190 அடி உயரம். சுதை உருவங்கள் மிகுதியாக இல்லாமல், கோடுகள் தெளிவாகத் தெரியும் கட்டமைப்பு. படம் வரைய ஏற்ற கோபுரம் என்று பார்த்தவுடன் தோன்றும். அரசு சின்னத்திலுள்ளது இதுவே என்ற நம்பிக்கை மிகவும் பரவியது. விருதுநகர் மாவட்டத்தை அறிமுகம் செய்யும் கட்டுரைகளில் இது பெருமையுடன் குறிப்பிடப்படுகிறது. இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் இக்கோபுரத்தைப் பரிந்துரைத்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது.

மறுபுறம் மதுரை. மீனாட்சியம்மன் கோயிலின் நான்கு வெளிக் கோபுரங்களும் ஒரே காலத்தவை அல்ல. கிழக்குக் கோபுரம் 13ஆம் நூற்றாண்டு. மேற்குக் கோபுரம் 14ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் காலத்தது. தெற்குக் கோபுரம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வடக்குக் கோபுரம் நெடுங்காலம் முற்றுப்பெறாமல் இருந்ததால் மொட்டைக் கோபுரம் எனப்பட்டது. மேற்குக் கோபுரம் 9 நிலைகளும் ஏறத்தாழ 150 அடி உயரமும் உடையது. கிருஷ்ணா ராவ் மதுரைக்காரர். அரசின் பணி தம்மிடம் வருவதற்கு முன்பே இம்மேற்குக் கோபுரத்தை நீர்வண்ண ஓவியமாக அவர் தீட்டியிருந்தார். அந்த ஓவியத்தையே சின்னத்துக்கு அடிப்படையாகக் கொண்டார் என்பது வரைந்தவர் தரப்புச் செய்தி.

இரண்டில் எதை ஏற்பது? நிலைகளை எண்ணிப் பார்த்துத் தீர்த்துவிடலாம் என்று சிலர் முயல்வர். அது சரியான வழி அன்று. 150 அடிக் கோபுரத்தை ஒரு ரூபாய் நாணய அளவு வட்டத்துக்குள் அடக்கும் ஓவியர் நிலைகளைச் சுருக்குவார், சுதை உருவங்களை விடுவார், சிங்கத் தலைப்பகுதி மறைக்கும் கீழ்ப்பகுதியைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். சின்னத்துக்கான படம் அளவு வரைபடம் அன்று. அச்சுக்கு ஏற்ப அது பலமுறை திருத்தி வரையப்பட்டும் இருக்கிறது. ஆகவே படத்தை உற்று நோக்குவதைவிட, வரைந்த கை யாருடையது, அது எதைப் பார்த்து வரைந்தது என்று கேட்பதே வரலாற்று முறை. அந்த முறையில் பார்த்தால் மதுரையின் பக்கமே சான்று வலுவாக உள்ளது.

அப்படியானால் ஸ்ரீவில்லிபுத்தூர் நம்பிக்கை இவ்வளவு உறுதியாக வேரூன்றியது எப்படி? சின்னம் நிறைவு பெற்ற 1949இல் பிரதமர் பொறுப்பேற்ற குமாரசாமி ராஜா இராஜபாளையத்துக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூர் அங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அண்டை ஊர். முதல்வரின் ஊர்ப் பக்கத்துக் கோபுரமே சின்னத்தில் ஏறியது என்று மக்கள் முடிவு கட்டியிருக்கலாம். இது ஊகமே. ஆயினும் ஒரு நூல் எழுதியதை அடுத்த நூல் எடுத்து எழுதியதால் அது பாட விடையாகவே நிலைத்துவிட்டது. தேர்வில் எந்த விடையை எழுதுவது என்று மாணவர் கேட்டால், தேர்வு நடத்துவோர் பரிந்துரைக்கும் நூல் சொல்வதை எழுதிவிட்டு, உண்மை வேறாக இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. வருத்தத்துக்குரிய அறிவுரைதான்.

சின்னத்துக்குப் பிறகு கதை பிறப்பது எங்கும் நடப்பதே. இதற்கு ஒரு சான்று ஒரகடம் சாலையிலேயே ஓடுகிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் பாதையில், செங்கல்பட்டு அருகே உள்ள தொழிற்சாலையிலிருந்து வரும் பி.எம்.டபிள்யூ. கார்களைக் காணலாம். அவற்றின் முகப்பிலுள்ள நீல, வெள்ளை வட்டம் சுழலும் விமான விசிறியைக் குறிக்கிறது என்று பலரும் சொல்வர். உண்மையில் நீலமும் வெள்ளையும் அந்நிறுவனம் பிறந்த பவேரியா மாநிலத்தின் நிறங்கள். அரசு சின்னங்களை வணிகக் குறியில் பயன்படுத்த அன்றைய சட்டம் தடுத்ததால், நிறங்களின் வரிசையை மாற்றி அமைத்தனர். 1929இல் வந்த ஒரு விளம்பரப் படத்தில் விமான விசிறியின் மேல் அந்த வட்டத்தைப் பொருத்திக் காட்டினர். அதிலிருந்து விசிறிக் கதை கிளம்பி, நிறுவனமே மறுத்து எழுதிய பின்னும் ஓயவில்லை. படம் அழகாக இருந்தால் கதை ஒட்டிக்கொள்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் அழகாக இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

எழுத்து மாறியது, படம் நின்றது

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலபார் கேரளத்துக்கும், தென் கன்னடம் மைசூருக்கும் சென்றன. நான்கு மொழி மாகாணத்துக்காக வரைந்த சின்னம் தமிழ் மாநிலம் ஒன்றுக்கே எஞ்சியது. படத்தில் ஒரு கோடும் மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. கோபுரம் தமிழ்நாட்டுக்கு முன்னிலும் நன்றாகவே பொருந்திற்று.

மாறியது எழுத்து. 1967இல் சி.என். அண்ணாதுரை தலைமையில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அவ்வாண்டு ஜூலை 18 அன்று மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என மாற்றும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. முண்டக உபநிடதத்திலிருந்து எடுக்கப்பட்ட "சத்யமேவ ஜயதே" என்ற வடமொழித் தொடருக்குப் பதிலாக "வாய்மையே வெல்லும்" என்ற தமிழ்த் தொடர் இடம்பெற்றதும் அண்ணா ஆட்சிக் காலத்து மாற்றமே. "உண்மை" என்னாமல் "வாய்மை" என்றதில் ஒரு நயம் உண்டு. உள்ளத்தில் இருப்பது உண்மை, வாயில் வருவது வாய்மை, உடலால் செய்வது மெய்ம்மை என்று பிரித்துக் காட்டுவது தமிழாசிரியர் வழக்கம். அரசின் ஆணையும் சான்றிதழும் சொல்லால் ஆனவை. அவற்றின் மேல் வாய்மை என்ற சொல் நிற்பது பொருத்தமே.

மதச்சார்பற்ற அரசின் சின்னத்தில் கோயில் கோபுரம் இருக்கலாமா என்ற கேள்வி அவ்வப்போது எழுவதுண்டு. இருக்கலாம் என்போர், இது வழிபாட்டுக் குறி அன்று, திராவிடக் கட்டடக் கலையின் குறி என்பர். இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கோபுரம் இரண்டுமே என்பதுதான் உண்மை. பகுத்தறிவு இயக்கத்தின் வழி வந்த கட்சி 1967இல் ஆட்சிக்கு வந்து எழுத்துகளை மாற்றியபோதும் கோபுரத்தை அப்படியே விட்டது. கோபுரம் ஒரு மதத்தார்க்கு மட்டும் உரியதாக அன்று பார்க்கப்படவில்லை என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம்.

ஜெர்மனியில் கேள்வி இவ்வளவு அமைதியாக முடியவில்லை. கோபுர்க் நகரின் சின்னத்தில் புனித மொரீசியஸ் என்னும் கறுப்பின வீரரின் தலை இருந்தது. இன வெறி கொண்ட நாஜி ஆட்சி 1934இல் அதை நீக்கி வாளும் சுவஸ்திகமும் கொண்ட சின்னத்தைத் திணித்தது. 1945இல் போர் முடிந்ததும் பழைய சின்னம் திரும்பியது. சின்னம் வெறும் படம்தானே என்போர் இதை அறிந்திருப்பது நல்லது.

யார் பயன்படுத்தலாம்?

சின்னத்தில் சிங்கத் தலைப்பகுதி இருப்பதால் அது 2005ஆம் ஆண்டின் இந்திய அரசு சின்னம் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டத்துக்கும், அதன்கீழ் 2007இல் வந்த விதிகளுக்கும் உட்பட்டது. அரசின் அதிகாரப்பூர்வத் தாள்களிலும் கட்டடங்களிலும் விதிப்படி பயன்படுத்தலாம். தனியார் தம் வண்டியிலோ கடைப் பலகையிலோ அழைப்பிதழிலோ அச்சிடக்கூடாது. வணிகக் குறியாகப் பதிவு செய்யவும் முடியாது. முன்னாள் பதவியாளர் என்ற உரிமையில் முகவரித் தாளில் போட்டுக்கொள்வதும் குற்றமே. இதை அறியாமல் செய்வோர் ஏராளம்.

சிற்றூருக்குச் சின்னம் வைத்துக்கொள்ள இச்சட்டம் தடையில்லை, சிங்கத் தலைப்பகுதியைச் சேர்க்காத வரையில். பிள்ளைப்பாக்கம் ஒன்றை அமைத்தால் அதில் என்ன இருக்கும் என்பது வகுப்பில் கேட்கத்தக்க கேள்வி. ஜெர்மானியரின் "பேசும் சின்னம்" வழியில் போனால் பிள்ளை ஒன்றை வரையலாம். பாக்கம் என்பது கடற்கரை ஊரையும் நீர்நிலை அருகே அமைந்த குடியிருப்பையும் குறித்து வழங்கிய சொல். தொண்டை மண்டலத்தில் மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம், செம்பரம்பாக்கம் என்று எத்தனையோ ஊர்கள் அப்பெயர் தாங்கியுள்ளன. ஊர்ப் பிழைப்பின் வழியில் போனால் நெற்கதிரை வரைவதா, தொழிற்சாலையின் பற்சக்கரத்தை வரைவதா என்ற வழக்கு எழும். ஆண்டவர் வழியில் போனால் பல்லவர் காளை இருக்கிறது. ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்றிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊர் என்பதால், ஏரிக்கரையும் மதகும் வரைந்தால் மறுப்பவர் குறைவாக இருப்பர். பிள்ளைப்பாக்கம் ஏரியின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குச் சென்று சென்னையின் குடிநீரில் கலக்கிறது.